மூடாத ஃபைல்

கீழே பட்டன் அழுந்திக்கொண்டுதான் இருந்தது.

டக். கொஞ்ச நேரம் மௌனம். டக்.

மாடி அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு, விடாமல் பெய்த மழைச் சத்தத்துக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது. கடை கடையாக ஏறி இறங்கி அவளே தேடி வாங்கிவந்த பட்டன். உள்ளங்கை அகலத்தில் சிவப்பு பிளாஸ்டிக். பூனை மிதித்தால்கூட அமுங்கிவிடும். அதை அம்மாவின் வலது கைக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தாள். பக்கவாதம் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது, அம்மாவிடம் மிச்சம் வைத்தது அந்தக் கையின் ஆள்காட்டி விரலை மட்டும்தான்.

கட்டிலுக்கு எதிரே ஒரு சின்னத் திரை. அதில் எழுத்துகள் வரிசையாக நகரும். வேண்டிய எழுத்து வரும்போது அம்மா பட்டனை அழுத்தினால் அது நிற்கும். எழுத்துகள் சேர்ந்து சொல்லாகும். சொல் முடிந்ததும் திரை தன்னைத்தானே துடைத்துக்கொண்டு அடுத்ததற்குத் தயாராகிவிடும். முடிந்த சொல் மாடியிலிருக்கும் கணினிக்கு வந்து, ஒரு ஃபைலில் எழுதப்படும். ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் புரோகிராம் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவள், பெற்றவளுக்காக எழுதிய ஒரே புரோகிராம்.

டக்.

அவள் ஃபைலைத் திறந்தாள். வெள்ளை. ஓர் எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை. அளவு: பூஜ்யம்.

இன்றைக்கு மட்டுமல்ல. புரோகிராமை ஓட விட்ட நாளிலிருந்தே இப்படித்தான். முதலில் அவள் கவலைப்படவில்லை. அம்மா இன்னும் பழகவில்லை, சும்மா விரல் துடிக்கிறது என்று நினைத்தாள். அண்ணனும் அதையேதான் சொன்னான், ஆனால் வேறு அர்த்தத்தில்.

"பாப்பா, உனக்குப் புரியல. டாக்டர் சொன்னாரே, ஆள் மேல பார்வையே நிலைக்கலன்னு? விரல் ஆடுது, அவ்வளவுதான். உள்ளே அம்மா இல்ல. நீ ஒருத்தியா கிடந்து இன்னும் எத்தனை நாள் மாரடிப்பே?"

"இருக்காங்கண்ணா. எனக்குத் தெரியும்."

"சரி, இருக்கட்டும். ஒரு வார்த்தை காட்டு. ஒரே ஒரு வார்த்தை எழுதட்டும், நான் அந்த முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடறேன். இல்லேன்னா சனிக்கிழமை சாயங்காலம் வண்டியோட வர்றேன். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணக்கூடாது."

இன்று சனிக்கிழமை. மதியம் தாண்டிவிட்டது.

அவள் எழுந்து ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துத் தெருவைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி எதுவும் இல்லை. அவளுடைய மூச்சில் கண்ணாடி வெளிறிப் போயிற்று. முழங்கையில் தையல் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டரின் கையால் அதைத் துடைத்துவிட்டுக் கதவுப் பக்கம் வந்தாள். மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும் கதவு. கைப்பிடியைப் பற்றி, ஒரு காலைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து இழுத்தால்தான் திறக்கும்.

"நாளைக்குத் தச்சரைக் கூப்பிட்டே ஆகணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இழுத்துத் திறந்தாள். காலையிலும் இதையேதான் சொல்லியிருந்தாள். நேற்றும்.

அவள் படியிறங்கத் தொடங்கியதும் கீழே பட்டன் சத்தம் நின்றது.

*

அம்மாவின் அறையில் டெட்டாலும் பவுடரும் ஈரத் துணியும் கலந்த வாசனை. அதற்கும் அடியில் இன்னொன்று. ஒரு கணம் கழித்துத்தான் அது என்னவென்று பிடிபட்டது: அவள் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு. அவள் இன்று தலைக்குக் குளிக்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலி. அதன் காலடியில் அவளுடைய ரப்பர் செருப்பு. மாடிப்படி அடியில் விட்டதாகத்தான் ஞாபகம். யோசித்துக்கொண்டே உட்கார்ந்தவள், உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

குஷன் சூடாக இருந்தது.

இவ்வளவு நேரம் யாரோ உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல, பதமான, உடம்புச் சூடு.

'ஹீட்டர் பக்கத்தில் இருக்கிறது, அதுதான்,' என்று மனசு ஒரு சமாதானம் சொல்லிற்று. ஹீட்டரைத் தொட்டுப் பார்க்க அவள் போகவில்லை. சமாதானங்களைத் தொட்டுப் பார்க்கக்கூடாது.

"அம்மா," என்றாள், கட்டில் பட்டையைப் பிடித்துக் குனிந்து. "இவ்ளோ நேரம் அழுத்திக்கிட்டே இருந்தியே. என்னம்மா எழுதினே? இப்ப எழுது. நான் பக்கத்துல இருக்கேன் பாரு. அண்ணன் வர்றதுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை. 'பாப்பா'ன்னு எழுதேன், போதும்."

விரல் அசையவில்லை.

அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்கு மேலாக, சற்றே பின்னால், சுவருக்கும் அவளுக்கும் நடுவில் எங்கேயோ நிலைகுத்தி நின்றன. டாக்டர் சொன்ன பார்வை. அவள் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் அம்மா இப்படித்தான். அவள் இல்லாதபோதுதான் பட்டன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் வேலையை விட்டு நின்ற அன்று சொன்னது திடீரென்று ஞாபகம் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் தாண்டி நின்றுகொண்டுதான் அந்தப் பெண் பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மாடியில போன்ல பேசிக்கிட்டு இருக்கீங்க. அதே நேரம் அம்மா ரூமுக்குள்ள இருந்தும் உங்க குரல் வருது. எனக்கு இது சரிப்படாது."

வேலை பிடிக்கவில்லை என்றால் ஆயிரம் சாக்கு, என்று அன்றைக்கு அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருந்தாள்.

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். சுவர். சுவரில் காலண்டர். ஃபேன் ஓடவில்லை, ஜன்னல் சாத்தியிருக்கிறது. காலண்டர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, யாரோ உரசிக்கொண்டு போன மாதிரி.

மாடிக்குத் திரும்பும்போது படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். கதவைச் சாத்தினாள். அது வழக்கம்போல் முனகிக்கொண்டு சட்டத்துக்குள் இறுகியது.

டக், என்றது கீழே.

*

அவள் போன் செய்த சீனியருக்கு ஆபீஸில் 'பூட்டு' என்று பெயர். யாருடைய புரோகிராமைப் பார்த்தாலும் "திறந்ததை மூடினியா?" என்பதுதான் முதல் கேள்வி. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்று எல்லாருக்கும் சந்தேகம். விடுமுறை நாளில் கூப்பிட்டால் கடிப்பார். ஆனால் எடுத்துவிடுவார்.

"சொல்லு மகராணி. என்ன உடைஞ்சுது?"

"எதுவும் உடையல சார். அம்மாவுக்கு எழுதினேனே, அந்தப் புரோகிராம். ஓடுது. தப்புன்னு எதுவும் காட்டல. ஆனா ஃபைல்ல ஒண்ணுமே விழ மாட்டேங்குது."

"பாதை சரியா இருக்கா? ஒரு ஃபோல்டர்ல எழுதிட்டு இன்னொரு ஃபோல்டர்ல தேடற ஆளாச்சே நீ."

"பார்த்துட்டேன். அதே இடம்தான்."

"அங்க எழுத அனுமதி?"

"இருக்கு. சோதனைக்குத் தனியா ஒரு வரி எழுதிப் பார்த்தேன். ஜம்முனு போகுது."

"ம்." அந்தப் பக்கம் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. "திறந்ததை மூடினியா?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"அடிப்பாவி. எனக்குப் பட்டப்பேர் வெச்சுச் சிரிக்கத் தெரியுது, ஒரு வரி எழுதத் தெரியல. கேளு. நீ எழுதற ஒவ்வொரு எழுத்தையும் தூக்கிக்கிட்டு அது ஃபைலுக்கு ஓடாது. அதுக்கு வேற வேலை இல்லையா? ஒரு கூடையில போட்டு வெச்சுக்கும். கூடை நிறைஞ்சாத்தான் போய்க் கொட்டும். இல்லேன்னா நீ ஃபைலை மூடணும். மூடும்போது இருக்கிறதைக் கொட்டிட்டு மூடும்."

"அம்மா ரொம்ப மெதுவா எழுதறாங்க..."

"அப்ப ஒரு நாள் முழுக்க எழுதினாலும் கூடை அடிகூட மறையாது. சரி, ராத்திரி எப்படி நிறுத்தறே?"

"மூலையில இருக்கிற பெருக்கல் குறியை அழுத்திடுவேன்."

 

"அது நிறுத்தறது இல்லம்மா. கழுத்தை நெரிக்கிறது. கூடையோட சேர்த்துப் புதைச்சிடும். உங்கம்மா ஏதாவது எழுதியிருந்தா, தினமும் ராத்திரி நீயே அதைக் கொன்னுருக்கே."

மழை திடீரென்று வலுத்தது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். இத்தனை நாள். ஓர் எழுத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருந்து, அந்த ஒற்றை விரலைத் திரட்டி, அழுத்தி, அழுத்தி... ராத்திரி அவள் வந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே, ஒரு தட்டு.

"இப்ப ஓடிக்கிட்டு இருக்கா?"

"காலையிலேர்ந்து."

"அப்ப தொடாதே! மூலைக்குப் போகாதே. ஒழுங்கா வெளியே வர்றதுக்குக் கீபோர்டுல ஏதாவது கீ வெச்சிருக்கியா?"

வைத்திருந்தாள். எழுதிய அன்றைக்கு வைத்தது. ஒரு நாளும் பயன்படுத்தாதது.

"அதை அழுத்து. அதுவா முடியட்டும். முடியும்போது கொட்டும்."

கீழே டக் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

ஃபைலின் பக்கத்தில் இருந்த பூஜ்யம் மாறியது.

"வந்துடுச்சு," என்றாள். "சார், ஏதோ வந்துடுச்சு!"

திறந்தாள். திரை முழுக்கக் கிறுக்கல். கொம்பு முளைத்த எழுத்துகள், பெட்டிகள், தலைகீழ்க் கேள்விக்குறிகள். எந்த மொழியும் இல்லாத ஏதோ ஒன்று.

"குப்பையா இருக்கு."

"தமிழாச்சே, அப்படித்தான் இருக்கும். நீ எந்த எழுத்து முறையில எழுதினியோ அதே முறையில திறக்கணும். மாத்து. ஆமா, நீ ஏன் தூரமா போய்ப் பேசறே? கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு."

"இங்கதான் சார் இருக்கேன். போன் வாய்கிட்ட இருக்கு."

மாற்றினாள். கிறுக்கல்கள் ஒரு முறை துடித்து, தமிழாக நின்றன.

பாப்பா

அழுதுவிட்டாள். அப்படியே கையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. அம்மா இருக்கிறாள். உள்ளே இருக்கிறாள். அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தைதான், அவள் கேட்பதற்கு முன்பே எழுதப்பட்டு, கூடைக்குள் கிடந்திருக்கிறது. இதைக் காட்டினால் போதும். அண்ணன் அந்த வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள்.

உன் பின்னாடி நிக்கிறது யாரு

நேத்தும் கேட்டேன்

தினமும் கேக்கறேன் நீ பதிலே சொல்லல

மழைச் சத்தம் எங்கேயோ விலகிப்போன மாதிரி இருந்தது.

நீ மாடிக்குப் போனதும் திரைக்கு முதுகு காட்டி உன் நாற்காலியில உட்காருது

உன் செருப்பைப் போட்டுக்குது

நீ பேசினதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகுது

நீ இருக்கும்போது நான் அழுத்த மாட்டேன் அது உன் பின்னாடி நின்னு திரையைப் படிக்கும்

கடைசி வரி.

எல்லாம் வந்துடுச்சு முகம் மட்டும் இன்னும் வரல

"என்ன எழுதியிருக்காங்க?" என்றார் பூட்டு. "ஹலோ? சத்தமா பேசு. ஒண்ணும் கேக்கல."

*

அடுத்து அவள் செய்தது, எந்தப் புரோகிராமரும் பதற்றத்தில் செய்யக்கூடிய காரியம். அம்மாவின் கண்ணெதிரே எழுத்துகள் இப்போது நகரவில்லை. புரோகிராம் முடிந்து கிடக்கிறது. அம்மா இந்த நிமிடம் ஏதாவது சொல்ல நினைத்தால்? கீழே இந்த நிமிடம் என்ன நடக்கிறது? சொல் முடியக் காத்திராமல் ஒவ்வோர் எழுத்தையும் உடனே கொட்டு என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள். புரோகிராமை மறுபடி ஓட விட்டாள்.

ஃபைலின் அளவு பூஜ்யமானது.

அவளுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. திறக்கும்போதே பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும்படிதான் அவள் எழுதியிருந்தாள். பழையதற்குக் கீழே சேர்க்கும்படி அல்ல. ஒரே ஓர் எழுத்து மாற்றம். மறந்துவிட்டாள்.

அம்மா காலையிலிருந்து எழுதிய எல்லாம். பாப்பா. போயே போயிற்று.

"சார்," என்றாள். "சார், துடைச்சிட்டேன்."

"ஹலோ? ஹலோ?... லைன் சரியில்ல போல," என்று பூட்டு அந்தப் பக்கம் யாரிடமோ சொன்னார். "நீயா கூப்பிடும்மா." துண்டித்துவிட்டார்.

அறையில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஜன்னலில் வழிந்த மழைநீரின் நிழல் சுவரெல்லாம் புழு மாதிரி நெளிந்தது. கணினியின் விசிறி இரைந்தது. கீழே அம்மாவின் அறைக் கதவு திறக்கும் கிறீச் சத்தம், பிறகு ரப்பர் செருப்பு. சளக். சளக். அவளுக்கு அந்த நடை தெரியும். வலது காலைக் கொஞ்சம் தேய்த்து வைக்கும் நடை. சின்ன வயதிலிருந்து அம்மா அதைச் சொல்லிச் சொல்லித் திட்டியிருக்கிறாள்.

அவளுடைய நடை.

டக். டக். டக்.

இப்போது எழுத்துகள் உடனுக்குடன் வந்து விழுந்தன. கூடை இல்லை. காத்திருப்பு இல்லை.

பாப்பா

முகம்

சளக். சளக். படிக்கட்டின் முதல் படி மரம் முனகியது.

வந்துடுச்சு

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. மழைதான் காரணம் என்று நினைத்தாள். நினைக்க ஆசைப்பட்டாள்.

படி ஏறுது

சளக்.

சளக்.

கதவுக்கு வெளியே நின்றது.

ஊதிப்போன பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. நிதானமான மூச்சு. பிறகு கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பி, மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது. அது கதவைத் திறக்க வரவில்லை. இறுகியிருக்கிறதா என்று பார்க்க வந்தது.

"நாளைக்குத் தச்சரைக் கூப்பிட்டே ஆகணும்," என்றது வெளியே.

அவளுடைய குரல். அதே அலுப்பு. 'ஆகணும்' என்பதில் கடைசியில் வரும் அந்தச் சின்ன இழுப்புகூட அப்படியே.

சளக். சளக். இறங்கிப் போயிற்று.

*

ஹாரன் சத்தம்.

ஜன்னலுக்கு ஓடினாள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வண்டி கேட்டுக்கு முன்னால் நின்றிருந்தது. அண்ணன் பாதி நனைந்தபடி இறங்கி ஓடி வந்தான். வாசல் கதவு திறந்தது. அவன் தட்டவே இல்லை. யாரோ உள்ளிருந்து திறந்துவிட்டார்கள்.

கைப்பிடியைப் பற்றினாள். காலை முட்டுக்கொடுத்தாள். இழுத்தாள். கதவு மயிரளவு அசையவில்லை. கதவின் மீது குற்றமில்லை என்று எங்கேயோ உள்ளுக்குள் தெரிந்தது. கையில்தான் ஏதோ குறைகிறது. பிடிக்கிற பிடியில் கனமே இல்லை.

"அண்ணா!"

கீழே பேச்சுக் குரல்கள். அண்ணனுடையது. அப்புறம் இன்னொன்று.

"...ஒத்துக்கறேண்ணா. நீ சொன்னதுதான் சரி. அம்மா உள்ள இல்ல."

"அப்பாடா. சண்டை போடுவேன்னு நெனச்சு வழியெல்லாம் வசனம் தயார் பண்ணிக்கிட்டு வந்தேன் தெரியுமா?"

சிரிப்பு. அவளுடைய சிரிப்பு.

டக்டக்டக்டக். பட்டன் வெறிபிடித்ததுபோல் அழுந்தியது. திரையில்:

அவனுக்குத் தெரியல

பாப்பா கத்து

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கீழே பேச்சு நிற்கவில்லை.

போன். போன் இருக்கிறது. அண்ணனின் எண். மணி அடித்தது, கீழே அவன் சட்டைப் பையிலிருந்து அந்த மணி ஒலிப்பது தரை வழியாகவே கேட்டது. எடுத்தான்.

"என்ன பாப்பா, பக்கத்துல நின்னுக்கிட்டே எதுக்குப் போன் பண்றே?"

"அண்ணா, அது நான் இல்ல! நான் மாடியில இருக்கேன், மேல வா, மேல வா..."

"ஒரு சத்தமும் வரல," என்றான் அவன், போனுக்கு அல்ல, பக்கத்தில் நிற்பவளுக்கு.

"கை பட்டிருக்கும்ணா," என்றது அது. "நீ அம்மாவோட காலைப் பிடி. நான் தலைப்பக்கம் பிடிச்சுக்கறேன்."

துண்டிப்பு.

திரையில் இன்னும் ஒரு சொல் விழுந்தது.

தொட்டுடுச்

சொல் முழுசாகவில்லை. முடிவதற்குள் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு டக் இல்லை.

ஜன்னல். முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். அண்ணன் குடையைப் பிடித்திருந்தான். போர்வை சுற்றிய அம்மா, வண்டி ஆட்கள் தூக்கிவந்த ஸ்ட்ரெச்சரில். அம்மாவின் கண்கள் அகலத் திறந்து, மழைத்துளிகள் நேராக உள்ளே விழுவதைக்கூடப் பொருட்படுத்தாமல், இந்த முறை தெளிவாக, நிலையாக, மாடி ஜன்னலைப் பார்த்தன. தலைமாட்டில் ஒருத்தி. முழங்கையில் தையல் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர். அம்மாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள், எத்தனையோ முறை இவள் ஒதுக்கிவிட்ட அதே மாதிரி.

வண்டிக்குள் ஏறுமுன் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

முகம் வந்திருந்தது.

இவள் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். வாயைக் கண்ணாடியோடு சேர்த்து அலறினாள். அம்மா, அம்மா, அம்மா. வண்டியின் பின்கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்குகள் தண்ணீரில் கலைந்து, திருப்பத்தில் மறைந்தன.

அப்போதுதான் கவனித்தாள்.

கண்ணாடி துல்லியமாக இருந்தது. இவ்வளவு நேரம் வாயை ஒட்டி அலறியும், ஒரு திட்டு மூச்சுகூட அதில் படியவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. கணினி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி வந்தாள். புதிதாக ஒரு ஃபைலைத் திறந்தாள். பூட்டு சொன்ன முறைப்படி. சரியான பாதை. சரியான எழுத்து முறை. பழையதைத் துடைக்காமல், கீழே சேர்க்கும்படி. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

நான் இங்கே இருக்கேன்

கூடையைக் கொட்டினாள். ஃபைலை மூடினாள். மூடியாயிற்றா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

திறந்தாள்.

வெள்ளை. ஓர் எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை.

அளவு: பூஜ்யம்.

மறுபடி எழுதினாள். மூடினாள். திறந்தாள்.

மறுபடி.